இதய சார்காய்டோசிஸ்: எந்தப் பரிசோதனை முதலில், எது பிறகு?

கடந்த சில மாதங்களில் மூன்று குடும்பங்கள் ஏறக்குறைய ஒரே கேள்வியை என்னிடம் கேட்டன: எந்தப் பரிசோதனையை முதலில் செய்வது? பெரம்பூரில் வசிக்கும் 46 வயதுக்காரர் ஒருவர் மாடிப்படி ஏறும்போது கண் இருட்டி விழுந்துவிட்டார். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 38. நாளைக்கே பேஸ்மேக்கர் வைத்துவிட வேண்டும் என்கிறார் ஒரு மருத்துவர். அதற்கு முன் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமே என்கிறார் இன்னொருவர். வேளச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்மணிக்கு நுரையீரலில் சார்காய்டோசிஸ் (உடலுறுப்புகளில் நுண்முடிச்சுகளை உண்டாக்கும் அழற்சி நோய்) இருப்பது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். இப்போது சில வாரங்களாகப் படபடப்பு. எக்கோ நன்றாகத்தானே இருக்கிறது, இன்னும் எதற்கு ஸ்கேன் என்று வீட்டில் கேட்கிறார்கள். மூன்றாமவருக்கு மார்பின் நடுவே நிணநீர் முடிச்சுகள் வீங்கியிருக்கின்றன, இதயத் துடிப்பும் அவ்வப்போது தாறுமாறாக ஓடுகிறது. காசநோயா, சார்காய்டோசிஸா என்று முடிவாகாமல் ஆறு வாரங்களாக அலைந்துகொண்டிருக்கிறார்.

நான் மருத்துவர் அல்ல. என் அக்காவின் கணவருக்கு இந்த நோய் வந்த பிறகு, படித்தும் மருத்துவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். அத்தானுக்கு 44 வயதில் முழு ஹார்ட் பிளாக் வந்தது. மறுநாளே பேஸ்மேக்கர் வைத்தார்கள். அந்த வயதில் அது ஏன் வந்தது என்று மருத்துவமனையில் யாரும் தேடவில்லை; கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு கீழறையிலிருந்து அபாயகரமான வேகத் துடிப்பு எழுந்து மயங்கி விழுந்தபோதுதான் சார்காய்டோசிஸ் என்று தெரிய வந்தது. அதனால் இந்தப் பரிசோதனைகளை ஒப்பிடும்போது, எது துல்லியமானது என்பதைப் போலவே, எதை எதற்கு முன் செய்ய வேண்டும் என்பதையும் நான் முக்கியமாகக் கருதுகிறேன். சில நடவடிக்கைகள் அடுத்த பரிசோதனையின் சாட்சியத்தையே அழித்துவிடுகின்றன.

ஒரு சொல் விளக்கத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் ‘பிளாக்’ என்றால் ரத்தக்குழாய் அடைப்பு என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். ஆஞ்சியோவில் அடைப்பு எதுவும் இல்லை என்றவுடன் குடும்பமே நிம்மதியாகிவிடுகிறது. ஆனால் ஹார்ட் பிளாக் என்பது மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின்சமிக்ஞை தடைபடுவது. ரத்தக்குழாய்கள் சுத்தமாக இருக்கும் ஒரு நடுவயதுக்காரருக்கு இது வந்தால், நிம்மதியடைவதற்குப் பதில் காரணத்தைத் தேடத் தொடங்க வேண்டும்.

நோயைப் பற்றித் தேவையான அளவு

சார்காய்டோசிஸில் நோய் எதிர்ப்பு அணுக்கள் ஒன்றுகூடிக் கிரானுலோமா எனப்படும் நுண்முடிச்சுகளை உடலின் பல இடங்களில் உண்டாக்குகின்றன. ஏன் இப்படி ஆகிறது என்பது இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நுரையீரலும் மார்பு நிணநீர் முடிச்சுகளும் பாதிக்கப்படுகின்றன; கண், தோல், கல்லீரல், நரம்பு ஆகியவற்றிலும் வரலாம். இதயத்தில் வெளிப்படையான அறிகுறிகள் தோன்றுவது சார்காய்டோசிஸ் உள்ளவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்குத்தான். ஆனால் இறந்தவர்களின் உடலைக் கூறாய்ந்த ஆய்வுகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவரின் இதயத்தில் இந்த முடிச்சுகள் காணப்பட்டன. ஜப்பானில் இந்த அளவு இன்னும் அதிகம். அங்கே சார்காய்டோசிஸ் மரணங்களுக்கு முதன்மைக் காரணமே இதய பாதிப்புதான்.

இதயத்தில் முடிச்சு எங்கே உட்காருகிறது என்பதைப் பொறுத்துத் தொல்லை மாறும். இரு கீழறைகளுக்கு இடையிலுள்ள சுவரின் மேற்பகுதியில், மின்பாதை செல்லும் இடத்தில் உட்கார்ந்தால் ஹார்ட் பிளாக் வரும். தசைக்குள் வடுவாக மாறினால் அந்த வடுவைச் சுற்றி மின்சமிக்ஞை சுழன்று வேகத் துடிப்பை உண்டாக்கும். பரவலாகத் தாக்கினால் இதயத்தின் பம்பிங் குறையும். சிலருக்குத் திடீர் மரணமே முதல் அறிகுறியாகிவிடுகிறது என்பதால்தான் இதைப் பற்றி எழுதும்போது என்னால் நிதானமாக மட்டும் இருக்க முடிவதில்லை.

எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், நோய் தொடக்க நிலையில் இருக்கும்போதே பரிசோதனை அதைக் காட்டுமா என்பது. இரண்டாவது, அது காட்டுவது ஆறிப்போன வடுவையா, இப்போது கனன்றுகொண்டிருக்கும் அழற்சியையா என்பது. மருந்து தருவதா வேண்டாமா என்பது இதைப் பொறுத்தது. மூன்றாவது, சென்னையில் இருப்பவர்களுக்கு மிக முக்கியமானது: காசநோயிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுமா? நான்காவது, இந்தப் பரிசோதனைக்கு முன் எது நடந்திருந்தால் இதன் முடிவு கெட்டுப்போகும்? ஐந்தாவது செலவு. பில்லில் உள்ள தொகை அதில் ஒரு பகுதிதான். பட்டினி, கதிர்வீச்சு, சிறுநீரகத்தின் நிலை, மறுபடி எடுக்க வேண்டிய வாய்ப்பு, காத்திருக்கும் நாட்கள் ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இ.சி.ஜி., ஹோல்ட்டர், எக்கோ

இவை மூன்றும் எளியவை, மலிவானவை, எந்தத் தெருவிலும் கிடைப்பவை. நோயைச் சந்தேகிக்க வைப்பது இவற்றின் வேலை. நோய் இல்லை என்று சொல்லிவிடும் தகுதி இவற்றுக்குக் கிடையாது.

அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உடலில் வேறெங்கு சார்காய்டோசிஸ் இருந்தாலும் இதய அறிகுறி இல்லாதபோதும் ஒரு இ.சி.ஜி. எடுத்து வைக்கச் சொல்கிறது. வலப்பக்க மின்கிளைத் தடை, மேலறை–கீழறைத் தாமதம், அடிக்கடி தவறிய துடிப்புகள் ஆகியவை கவனிக்க வேண்டிய தடயங்கள். வந்து வந்து போகும் படபடப்புக்கு ஒரு நிமிட இ.சி.ஜி. போதாது, 24 மணி நேரம் மார்பில் கட்டிக்கொண்டிருக்கும் ஹோல்ட்டர் தேவைப்படும்.

எக்கோவில் இடைச்சுவரின் மேற்பகுதி மட்டும் மெலிந்திருந்தால் அது ஏறக்குறைய கைரேகை போன்ற அடையாளம். ஆனால் அது நோய் முற்றிய பிறகு தெரிவது. தொடக்கத்தில் பம்பிங் 60 சதவீதமாக, எல்லாம் சரியாக இருப்பதாகவே எக்கோ காட்டும். வேளச்சேரிப் பெண்மணியின் வீட்டார் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை: சார்காய்டோசிஸ் உள்ளவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் படபடப்பு நீடித்தாலோ, மயக்கம் வந்தாலோ, எக்கோ நன்றாக இருப்பதை வைத்து நிறுத்திக்கொள்ளக் கூடாது. 2014இல் இதயத் துடிப்பியல் வல்லுநர்கள் வெளியிட்ட ஒருமித்த அறிக்கையும், அறிகுறி, இ.சி.ஜி., எக்கோ ஆகிய மூன்றில் ஒன்று பிசகினாலும் எம்.ஆர்.ஐ. அல்லது பெட் ஸ்கேனுக்குச் செல்லச் சொல்கிறது.

ரத்தப் பரிசோதனையில் ஏ.சி.இ. என்ற அளவு இயல்பாக இருப்பதைக் காட்டி நோய் இல்லை என்று சிலர் ஆறுதலடைகிறார்கள். நோய் உள்ள பலருக்கும் அது இயல்பாகவே இருக்கும். அதை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது.

இதய எம்.ஆர்.ஐ.

கதிர்வீச்சு இல்லை. கடோலினியம் என்ற மருந்தை நரம்பில் செலுத்திச் சில நிமிடங்கள் கழித்துப் படம் எடுத்தால், வடு உள்ள இடத்தில் மருந்து தங்கி வெண்மையாகத் தெரியும். மாரடைப்பு வடு தசையின் உட்புறத்திலிருந்து தொடங்கும். சார்காய்டோசிஸ் வடு பெரும்பாலும் தசையின் நடுவிலோ வெளிப்புறத்திலோ, திட்டுத் திட்டாக, இடைச்சுவரின் மேற்பகுதியிலும் இடக் கீழறையின் பின்பக்கச் சுவரிலும் தென்படும். பம்பிங் நன்றாக இருக்கும்போதே இந்த வடு தெரிந்துவிடும் என்பதே இதன் பெரிய வலிமை. வடு இருந்தால் பிற்காலத்தில் ஆபத்தான துடிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதால், நோயைக் கண்டறிவதோடு எதிர்காலத்தையும் ஓரளவு சொல்கிறது. முன்சொன்ன 2020 வழிகாட்டுதல், இதய பாதிப்பைச் சந்தேகிக்கும்போது பெட் ஸ்கேனுக்கும் எக்கோவுக்கும் முன்னதாக எம்.ஆர்.ஐ.யையே பரிந்துரைக்கிறது; அது கிடைக்காத இடத்தில் பெட் ஸ்கேன்.

குறை என்னவென்றால், தெரியும் வெண்மை பழைய வடுவா, இப்போதைய அழற்சியா என்று எப்போதும் பிரித்துச் சொல்லிவிட முடியாது. நீர்க்கோப்பைக் காட்டும் படங்கள் ஓரளவு உதவுகின்றன.

மறைமுகச் செலவுகள் சில உண்டு. எம்.ஆர்.ஐ. இயந்திரம் வைத்திருக்கும் எல்லா ஸ்கேன் சென்டர்களிலும் இதய எம்.ஆர்.ஐ. எடுப்பதில்லை, துடிப்போடு இசைத்துப் படம் பிடிக்கும் மென்பொருளும், அதைப் படிக்கப் பழகிய ஒருவரும் வேண்டும். ‘கான்ட்ராஸ்ட் இல்லாமல் எடுத்தால் கொஞ்சம் குறையும்’ என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். அந்த மருந்து இல்லாவிட்டால் வடுவைப் பார்க்கும் வாய்ப்பே கையைவிட்டுப் போகிறது. சிறுநீரகச் செயல்பாடு மிகக் குறைந்தவர்களுக்கு அந்த மருந்தைத் தருவதற்கு முன் தனியாக யோசிக்க வேண்டும். முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் குழாய்க்குள் படுத்து, சொன்னபோதெல்லாம் மூச்சைப் பிடிக்க வேண்டும். துடிப்பு மிகத் தாறுமாறாக இருந்தால் படம் கலங்கிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை பேஸ்மேக்கர்தான். இப்போது வைக்கப்படும் பல கருவிகள் எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றவை என்றாலும், வைத்த பிறகு வழக்கமாக ஆறு வாரமாவது காத்திருக்கச் சொல்வார்கள். காத்திருந்து எடுத்தாலும் கருவியின் நிழல் இதயத்தின் ஒரு பகுதியை மறைக்கக்கூடும்; ஆபத்தான துடிப்பை அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும் ஐ.சி.டி. கருவியாக இருந்தால் மறைப்பு இன்னும் அதிகம். அத்தானுக்குப் பின்னால் எடுத்த படத்தில் முன்சுவரின் ஒரு பகுதி கறுப்புத் திட்டாக மட்டுமே தெரிந்தது.

பெட் ஸ்கேன்

கதிரியக்கச் சர்க்கரையை உடலில் செலுத்தி, எங்கே அழற்சி அணுக்கள் அதை விழுங்குகின்றன என்று பார்ப்பது பெட் ஸ்கேன். எம்.ஆர்.ஐ. சொல்லத் தயங்கும் விஷயத்தை இது சொல்கிறது: நோய் இப்போது உயிர்ப்போடு இருக்கிறதா? சிகிச்சை தொடங்கிச் சில மாதங்கள் கழித்து மறுபடி எடுத்து, மருந்து வேலை செய்கிறதா என்று ஒப்பிட முடிவதும் இதில்தான். உடல் முழுவதையும் படம் பிடித்தால், இதயத்துக்கு வெளியே எளிதாக ஊசி குத்தி எடுக்கக்கூடிய முடிச்சு எங்கே இருக்கிறது என்றும் காட்டிக்கொடுக்கும். பேஸ்மேக்கர் இருந்தாலும் தடையில்லை. 2012இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் நோய் உள்ளவர்களில் 89 சதவீதம் பேரை இது கண்டுபிடித்தது. நோய் இல்லாதவர்களில் 78 சதவீதம் பேரை இல்லை என்று சரியாகச் சொன்னது. அந்த மீதி 22 சதவீதத்தில்தான் சிக்கல் இருக்கிறது.

ஆரோக்கியமான இதயமும் சர்க்கரையை எரிபொருளாகப் பயன்படுத்தும். அப்படிப் பயன்படுத்தினால் இதயம் முழுவதும் ஒளிர்ந்து, நோயுள்ள இடம் எது என்று தெரியாமல் போய்விடும். எனவே முந்தைய நாளே இதயத்தைக் கொழுப்புக்குப் பழக்க வேண்டும்: குறைந்தது இரண்டு வேளை, கொழுப்பு மிகுந்த, மாவுச்சத்து ஏறக்குறைய இல்லாத உணவு, பிறகு நான்கு மணி நேரத்துக்குக் குறையாத பட்டினி. இல்லாவிட்டால் 18 மணி நேரத்துக்கு மேல் முழுப் பட்டினி.

மூன்று வேளையும் அரிசியைச் சுற்றியே சாப்பிடும் நம் வீடுகளில் இது சொல்வதுபோல் எளிதல்ல. இட்லி, தோசை, சோறு, பருப்பு, காய்கறிக் கூட்டு, பழம், பால் காபி, மோர், இளநீர் எதுவும் கூடாது. எண்ணெயில் பொரித்த மீன், நெய்யில் செய்த முட்டை, கோழி ஆகியவை சரி. ஆனால் கடையில் வாங்கும் சிக்கன் 65 கூடாது, அதன் மேற்பூச்சில் சோள மாவும் மைதாவும் இருக்கின்றன. மீனைக்கூட அரிசி மாவு, ரவை எதிலும் புரட்டாமல் பொரிக்க வேண்டும். சைவக் குடும்பங்கள் என்ன சாப்பிடலாம் என்று ஸ்கேன் சென்டரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பலருக்கு நீண்ட பட்டினியே எளிய வழியாக இருக்கும். இருமல் மருந்திலும் சப்பிச் சாப்பிடும் மாத்திரையிலும் சர்க்கரை இருக்கும். வார்டில் படுத்திருப்பவருக்கு இரவுப் பணியில் வந்தவர் விவரம் தெரியாமல் குளுக்கோஸ் டிரிப் ஏற்றிவிட்டால் மொத்த ஏற்பாடும் வீண். கட்டிலருகே ‘குளுக்கோஸ் ஏற்றக் கூடாது’ என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளிகள் இன்சுலினை எப்போது, எவ்வளவு போடுவது என்று முன்கூட்டியே கேட்டாக வேண்டும். கதிரியக்கச் சர்க்கரை ஊசிக்குச் சற்று முன் போட்ட இன்சுலின் சர்க்கரையை நேராக இதயத் தசைக்குள் தள்ளிவிடும். சர்க்கரை நோய் இவ்வளவு பரவியிருக்கும் சென்னையில் இதை அடிக்குறிப்பாக ஒதுக்கிவிட முடியாது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. சர்க்கரைப் படத்தோடு, இதயத் தசைக்கு ரத்தம் எப்படிப் பாய்கிறது என்ற படத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். ரத்தப் பாய்ச்சல் குறைந்த இடத்திலேயே அழற்சியும் தெரிந்தால் சந்தேகம் வலுக்கிறது. பக்கச் சுவரில் மட்டும் லேசாகத் தெரிந்து, ரத்தப் பாய்ச்சல் சரியாக இருந்தால் அது பெரும்பாலும் நோயல்ல. அடைப்பால் பட்டினி கிடக்கும் தசையும் சர்க்கரையை விழுங்கும் என்பதால், ரத்தக்குழாய் நோய் இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பெட் ஸ்கேன் காசநோயையும் சார்காய்டோசிஸையும் பிரிக்காது. இரண்டிலும் முடிச்சுகள் ஒரே மாதிரி ஒளிரும். கதிர்வீச்சு உண்டு, விலை எம்.ஆர்.ஐ.யைவிட அதிகம். உள்நோயாளியாகச் சேராமல் எடுக்கும் ஸ்கேனுக்குப் பல காப்பீட்டுத் திட்டங்கள் பணம் தருவதில்லை என்பதையும் முன்பே விசாரித்துவிடுங்கள். ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு எடுத்தால் அழற்சி அடங்கி, நோயே இல்லாததுபோல் தெரியலாம்.

திசு எடுத்தல்: இதயத்திலிருந்தா, முடிச்சிலிருந்தா?

இதயத் தசையிலேயே கிரானுலோமாவைக் கண்டுவிட்டால் பெரும்பாலான சந்தேகங்கள் தீர்ந்துவிடும். கழுத்து அல்லது தொடை ரத்தக்குழாய் வழியாகச் சிறு கொறடைச் செலுத்தி வலக் கீழறைப் பக்கமிருந்து துணுக்குகள் எடுப்பார்கள். ஆனால் நோய் திட்டுத் திட்டாக இருப்பதாலும், பெரும்பாலும் இடக் கீழறையில் இருப்பதாலும், நோய் உள்ளவர்களில் நான்கில் ஒருவருக்குக்கூட இதில் விடை கிடைப்பதில்லை. எம்.ஆர்.ஐ., பெட் படங்களையோ, இதயத்துக்குள்ளிருந்தே எடுக்கும் மின்வரைபடத்தையோ வழிகாட்டியாக வைத்து எடுத்தால் வாய்ப்பு கூடுகிறது. இதயச் சுவர் துளைபடும் ஆபத்து சிறியது, ஆனால் இருக்கிறது. ‘பயாப்சியில் ஒன்றுமில்லை’ என்ற அறிக்கை நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

இதை முதல் தேர்வாக்கும் ஒரு சூழல் உண்டு. சில நாட்களுக்குள் அல்லது சில வாரங்களுக்குள் பம்பிங் சரிந்து, ரத்த அழுத்தமும் விழுந்து, அதோடு ஹார்ட் பிளாக்கோ வேகத் துடிப்போ சேர்ந்தால், ராட்சத அணு மயோகார்டைட்டிஸ் என்ற இன்னும் கொடிய நோயாக இருக்கலாம். அப்போது ஸ்கேனுக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே இதயத் திசுவை எடுப்பதே முறை.

மற்றவர்களுக்கு மார்பு நிணநீர் முடிச்சிலிருந்து எடுப்பதே நல்ல வழி என்று நான் நினைக்கிறேன். மூச்சுக்குழாய் வழியாக அல்ட்ராசவுண்டு துணையோடு ஊசி குத்தி எடுக்கும் முறையில், முடிச்சுகள் வீங்கிய சார்காய்டோசிஸ் நோயாளிகளில் சுமார் 80 சதவீதம் பேருக்கு விடை கிடைத்திருக்கிறது. உடலில் வேறிடத்தில் சார்காய்டோசிஸ் திசுவால் உறுதியாகி, இதயத்தில் பொருத்தமான அடையாளம் இருந்து, வேறு காரணங்களும் விலக்கப்பட்டால், இதயத்திலும் அதுவே என்று 2014 அறிக்கையின்படி எடுத்துக்கொள்ளலாம். இதயத்தில் மட்டுமே நோய் உள்ளவர்களுக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. அவர்களையும் திசு இல்லாமல் கண்டறிய ஜப்பானிய இதயவியல் சங்கத்தின் நெறிகள் இடமளிக்கின்றன.

இங்கேதான் காசநோய் குறுக்கே வருகிறது. உலகிலேயே அதிகக் காசநோயாளிகள் உள்ள நாடு நம்முடையது. வீட்டிலிருந்தே சிகிச்சை எடுத்தாலும் சானடோரியத்தில் கிடைக்கும் அதே பலன் உண்டு என்று உலகுக்குக் காட்டிய ஆய்வு, 1956இல் தொடங்கி இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்கும் மையத்தில்தான் நடந்தது. இப்படிப்பட்ட ஊரில் முடிச்சில் கிரானுலோமா என்றவுடன் காசநோயை நினைப்பதில் தவறில்லை. இதயத் தசையையும் காசநோய் தாக்கும். வேகத் துடிப்பையும் உண்டாக்கும். காரணம் தெரியாத வேகத் துடிப்பும் மார்பு முடிச்சும் சேர்ந்து வந்தவர்களைப் பற்றி ஐதராபாத் மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இரு நோய்களுமே காரணமாக இருந்தன.

நுண்ணோக்கியில் பார்க்கும்போது நடுவில் பாலாடைக்கட்டிபோல் அழுகிய கிரானுலோமா காசநோயைச் சுட்டும். அழுகல் இல்லாதது சார்காய்டோசிஸைச் சுட்டும். ஊசியில் வரும் சிறு துணுக்கில் இந்த வேறுபாடு எப்போதும் தெளிவாக இருக்காது. காசநோய்க்கென்று கையில் போட்டுப் பார்க்கும் மாண்டூ ஊசி சிறிதும் தடிக்கவில்லை என்றால் நம் ஊரில் அது சார்காய்டோசிஸ் பக்கம் சாயும் தடயம், சான்று அல்ல.

ஆகவே மூன்றாமவரின் வீட்டாரிடம் நான் வலியுறுத்திச் சொன்னது ஒன்றே ஒன்று: எடுக்கும் திசு இரண்டு குப்பிகளில் போக வேண்டும். ஒன்று ஃபார்மலினில், நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு. மற்றொன்று ஃபார்மலின் கலக்காமல், உப்புநீரில், காசநோய்க் கிருமியைத் தேடும் சிபிநாட் மரபணுச் சோதனைக்கும் கிருமி வளர்ப்புக்கும். ஃபார்மலினில் விழுந்த கிருமி செத்துவிடும். பிறகு அதை வளர்க்கவே முடியாது. வளர்ப்பு முடிவு வர ஆறு வாரம் ஆகலாம். சிபிநாட் அன்றைக்கோ மறுநாளோ சொல்லிவிடும். இரண்டாவது குப்பியை அனுப்பாமல் விட்டால், அதற்காகவே மறுபடியும் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட வேண்டியிருக்கும்.

கொடுத்துப் பார்ப்பது

எந்தச் சான்றும் இல்லாமல் ஸ்டீராய்டு கொடுத்து, நோய் தணிந்தால் சார்காய்டோசிஸ் என்று முடிவு செய்வது. அல்லது ஆறு மாதம் காசநோய் மாத்திரை கொடுத்துப் பார்ப்பது. செலவு குறைந்த வழிபோல் தோன்றும். என் மதிப்பீட்டில் இதுவே எல்லாவற்றிலும் விலை உயர்ந்தது. காசநோய் இருந்து ஸ்டீராய்டு கொடுத்தால் அது பரவும். சார்காய்டோசிஸ் இருந்து காசநோய் மாத்திரை மட்டும் கொடுத்தால், அந்த ஆறு மாதத்தில் இதயத்தில் அழற்சி வடுவாக இறுகிவிடக்கூடும். ஸ்டீராய்டு தொடங்கிவிட்டால் பெட் ஸ்கேனும் திசுவும் இரண்டும் பொய் சொல்லக்கூடும்; சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். காத்திருக்க நேரமில்லாத அளவுக்கு உயிர் ஆபத்து இருந்தால் மருத்துவர்கள் அதைச் செய்வார்கள், செய்யத்தான் வேண்டும். அப்போதும் முடிந்தால் முதல் மாத்திரைக்கு முன் திசு எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாம்.

ஒரே பார்வையில்

| பரிசோதனை | காட்டுவது | தவறவிடுவது | அதற்கு முன் நடக்கக் கூடாதது |
|---|---|---|---|
| இ.சி.ஜி., ஹோல்ட்டர், எக்கோ | மின்தடை, தவறிய துடிப்பு, பம்பிங் குறைவு | தொடக்க நிலை நோய் | குறிப்பிடத்தக்கது இல்லை |
| இதய எம்.ஆர்.ஐ. | வடு, அதன் இடமும் அளவும் | அழற்சி இப்போது உண்டா என்பது | பேஸ்மேக்கர், ஐ.சி.டி. |
| பெட் ஸ்கேன் | உயிர்ப்புள்ள அழற்சி, உடலின் பிற முடிச்சுகள் | ஆறிய வடு, காசநோய் வேறுபாடு | ஸ்டீராய்டு, மாவுச்சத்து, குளுக்கோஸ் |
| முடிச்சுத் திசு | நோயின் பெயர், காசநோய்க் கிருமி | இதயத்தில் மட்டும் உள்ள நோய் | ஸ்டீராய்டு, காசநோய் மாத்திரை |
| இதயத் திசு | இதயத்திலிருந்தே நேரடிச் சான்று | திட்டுகளுக்கு இடையே குத்தினால் எல்லாம் | ஸ்டீராய்டு |

யாருக்கு எது

பெரம்பூர்க்காரரின் நிலையில் உள்ளவருக்கு, அதாவது 60 வயதுக்குக் குறைந்த, அடைப்போ வேறு காரணமோ தென்படாத ஹார்ட் பிளாக் வந்தவருக்கு, இதய எம்.ஆர்.ஐ.யும் மார்பு சி.டி.யும் நிரந்தரக் கருவிக்கு முன் இருப்பதே சிறந்தது. பின்லாந்தில் 2011இல் வெளியான ஆய்வில், இப்படிக் காரணம் தெரியாத மின்தடையோடு வந்த 55 வயதுக்குட்பட்டவர்களில் நான்கில் ஒருவருக்கு சார்காய்டோசிஸோ ராட்சத அணு மயோகார்டைட்டிஸோ இருந்தது. காரணம் தெரிவது கருவியின் தேர்வையே மாற்றும்: சார்காய்டோசிஸ் என்றால் பேஸ்மேக்கருக்குப் பதில், ஆபத்தான துடிப்பை அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும் ஐ.சி.டி.யையே வைப்பது பற்றி மருத்துவர்கள் யோசிப்பார்கள். அத்தானுக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை தேவைப்பட்டது இந்த ஒரு கேள்வி விடுபட்டதால்தான்.

ஆனால் நாடி மிக இறங்கி, ரத்த அழுத்தமும் விழுந்து, மயங்கிக்கொண்டே இருப்பவருக்கு எம்.ஆர்.ஐ.க்காகக் காத்திருப்பது தவறு. நிரந்தரக் கருவி வைக்கும்வரை துடிப்பைத் தாங்கப் போடும் தாற்காலிகக் கம்பி உள்ளே இருக்கும்போது பொதுவாக எம்.ஆர்.ஐ. எடுக்கவும் மாட்டார்கள். அந்த நிலையில் முதலில் உயிரைக் காக்கும் கருவி. பிறகு முறையான உணவுத் தயாரிப்போடு பெட் ஸ்கேன். கருவி வைக்கும் முன் கேட்க வேண்டியது, அது எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றதா, அதை இதயத்தோடு இணைக்கும் கம்பிகளும் ஏற்றவையா என்பது. கருவி மட்டும் ஏற்றதாக இருந்து கம்பி பழையதாக இருந்தால் பயனில்லை.

வேளச்சேரிப் பெண்மணிக்கு நோயின் பெயர் ஏற்கெனவே திசுவால் உறுதியானது; அவருக்கு மறுபடி ஊசி தேவையில்லை. ஹோல்ட்டரும் எம்.ஆர்.ஐ.யும் போதும், வடு தெரிந்தால் மருந்தின் அளவை முடிவு செய்ய பெட் ஸ்கேன். எம்.ஆர்.ஐ. முற்றிலும் சுத்தமாக வந்தால் இப்போதைக்கு பெட் ஸ்கேன் செலவைத் தவிர்க்கலாம் என்பதே என் கருத்து. படபடப்பு தொடர்ந்தால் அந்த முடிவை மருத்துவரோடு மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

மார்பு முடிச்சும் வேகத் துடிப்பும் சேர்ந்து வந்தவருக்கு உடல் முழுவதற்குமான பெட் ஸ்கேன் முதலில் வரலாம். அது குத்த வேண்டிய முடிச்சைக் காட்டும். அடுத்து, எந்த மருந்தும் தொடங்குவதற்கு முன், இரண்டு குப்பித் திசு.

ஏற்கெனவே பேஸ்மேக்கர் வைத்துவிட்டு, இப்போதுதான் சந்தேகம் வந்திருப்பவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. பெட் ஸ்கேன் அவர்களுக்கு முழுமையாகத் திறந்திருக்கிறது, எம்.ஆர்.ஐ.யும் பலருக்குச் சாத்தியமே. கருவி வைத்த அன்று கையில் கொடுத்த சிறிய அட்டையில் அதன் மாடலும் கம்பியின் மாடலும் அச்சிடப்பட்டிருக்கும். எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்தில் முதலில் கேட்பது அதைத்தான். அத்தானின் அட்டை வீட்டு பீரோவில் ரேஷன் அட்டையோடு கிடந்தது. அதைத் தேடி எடுத்துக்கொண்டு மறுபடி தேதி வாங்குவதற்குள் பதினோரு நாட்கள் கழிந்துவிட்டன.